இரண்டு கட்டில், ஒரு காய்ச்சல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு டீக்கடையில் கிடைத்தது. கிடைத்தது என்பதுகூடச் சரியில்லை, காதில் விழுந்தது. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி (பெயர் வேண்டாம், வம்பு எதற்கு). அதற்கு எதிரே ஒரு டீக்கடை. நானும் அருள்முருகனும் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். நான் கதை எழுதுகிறவள், அருள்முருகனும் கதை எழுதுகிறவன். என்னைவிட நன்றாக எழுதுகிறான் என்று நான்கு பேர் சொல்வார்கள். அந்த நான்கு பேரையும் எனக்குப் பிடிக்காது.

எங்களுக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி கையில் மருந்துப் பை. மற்றவள் கையில் ஊருக்குக் கிளம்புகிற துணி மூட்டை. மருந்துப் பைக்காரி சொன்னாள்:

"உன் வூட்டுக்காரரு நடந்து போறத பாத்தா எனக்கு வயிறு எரியுதுடி. நல்லாருக்கட்டும்னு நெனைக்கத்தான் பாக்கறேன். வரமாட்டேங்குது."

மூட்டைக்காரி கோபித்துக்கொள்ளவில்லை. "எரியட்டும்க்கா. நானா இருந்தா எனக்குந்தான் எரியும்" என்று சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் இரண்டு டீ கேட்டாள்.

அவ்வளவுதான். நான் திரும்பிப் பார்த்தால் அருள்முருகனும் டீயைக் குடிக்காமல் நிற்கிறான். எனக்குப் பகீரென்றது. இவன் எழுதிவிடுவான். அதுவும் நன்றாக எழுதித் தொலைத்துவிடுவான். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன். ஆகவே இந்தக் கதை இரக்கத்தில் எழுதப்பட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

(அந்தப் பெண்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இனி வரும் பெயர், ஊர், சம்பவம் எல்லாம் என் கற்பனை. நோயை மட்டும், தெரிந்த டாக்டர் ஒருவரை நச்சரித்துக் கேட்டுக்கொண்டேன்.)

2

முதல் தொடக்கம்: "வீராம்பட்டினத்துக் கடலில் சூரியன் எழும்பிய வேளையில் பாவாடையின் இடது கை—"

வேண்டாம். சூரியன் எழும்புவதெல்லாம் அருள்முருகனின் இலாகா.

இரண்டாவது தொடக்கம்: "மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாயில் கட்டி அடைத்துக்கொள்வதால் ஏற்படும் பக்கவாதத்துக்கு உரிய நேரத்தில் சிகிச்சை—"

இது சுகாதாரத் துறை துண்டுப் பிரசுரம். சுவரில் ஒட்டலாம், கதையில் ஒட்டாது.

மூன்றாவது: "அஞ்சம்மாள் அந்த ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருந்தாள்."

இது பரவாயில்லை. ஸ்பூனில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. ஆனால் அவள் புருஷனுடைய பிழைப்பும் அவளுடைய பிழைப்பும் அந்த ஒரு ஸ்பூன் தண்ணீரில் வந்து நின்றுகொண்டிருந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

3

அஞ்சம்மாள் மீன்காரி. புருஷன் பாவாடை கடலில் பிடித்துவருவதை அவள் கூடையில் எடுத்துக்கொண்டு டவுனுக்கு வந்து விற்பாள். வஞ்சிரத்துக்கு விலை கேட்டுவிட்டு நகரப் பார்ப்பவர்களை அவள் விட்டதில்லை. அப்படிப்பட்ட வாய், கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த புருஷனுடைய வாய் ஒரு பக்கம் இழுத்ததைப் பார்த்ததும் அடைத்துப்போனது. இடது கை தொங்கியது, பேச்சு குழறியது. யாரோ நாட்டு மருந்து என்றார்கள். அஞ்சம்மாள் யார் பேச்சையும் கேட்காமல் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். நேரத்தோடு வந்ததால் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட முடிந்தது. "நல்லவேளை, சீக்கிரம் கொண்டாந்தீங்க" என்று டாக்டரே சொன்னார்.

அன்றைக்கே பக்கத்துக் கட்டிலில் கிருஷ்ணசாமி வந்து சேர்ந்தார். சேதராப்பட்டுக்காரர். கொஞ்சம் நிலம், மிச்ச நேரத்தில் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குக் காவல். அவருக்கும் அதே இடது பக்கம், அதே ஊசி. அவர் பெண்டாட்டி அமிர்தவல்லி அஞ்சம்மாளைவிடச் சின்னவள். வந்த அன்றே "அக்கா" என்று ஒட்டிக்கொண்டாள்.

இரண்டு பேரும் ஒன்றாக அழுதார்கள், ஒரே பாயில் சாய்ந்தார்கள், ஒரே சீப்பில் தலை வாரினார்கள். பாவாடையின் கை தோள் வரை எழும்பியபோது கிருஷ்ணசாமியின் கையும் எழும்பியது. பிசியோதெரபி பையன்கள் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தார்கள்.

"அக்கா, ரெண்டு பேரும் ஒண்ணாவே டிஸ்சார்ஜ் ஆவாங்க பாரு. ஒரே வண்டி புடிச்சிடலாம்" என்றாள் அமிர்தவல்லி.

"வீராம்பட்டினம் எங்க கீது, சேதராப்பட்டு எங்க கீது? ஒரே வண்டியாம்ல" என்று சிரித்தாள் அஞ்சம்மாள். அவள் அந்த வார்டில் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

அதுவரை இரண்டு பேருக்கும் ட்ரிப்ஸ்தான். மறுநாள் அன்புசெல்வி சிஸ்டர் ஸ்பூனும் டம்ளருமாக வந்தாள். பக்கவாதம் வந்தவர்களுக்குத் தொண்டைத் தசையும் தளர்ந்துபோயிருக்கலாம். விழுங்குவது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். அதனால் வாயில் எதையும் கொடுப்பதற்கு முன் ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பார்கள்.

கிருஷ்ணசாமி விழுங்கினார். "ஆ சொல்லுங்க" என்றாள் சிஸ்டர். "ஆ" என்றார். சுத்தமான ஆ.

பாவாடை விழுங்கினார். கண் பிதுங்க இருமினார். "ஆ" என்றபோது குரல், தண்ணீர் நிரம்பிய சொம்புக்குள்ளிருந்து வருவதைப் போல களகளத்தது.

"இவருக்கு மூக்குல டியூப் வெச்சிடலாம். டியூப்ல குடுக்கறதத் தவிர வாய் வழியா ஒரு சொட்டு கூடாதும்மா. உள்ள போச்சின்னா நெஞ்சுல கிருமி தொத்திக்கும். அப்புறம் இதுவரைக்கும் தேறுனது எல்லாம் வீணாப்பூடும்" என்றாள் அன்புசெல்வி.

பக்கத்துக் கட்டிலில் கிருஷ்ணசாமிக்கு இட்லியைப் பாலில் குழைத்துக் கொடுத்தார்கள். அஞ்சம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஒரே ஊசி. ஒரே நாள். இவருக்கு மட்டும் என்ன? என் புருஷன் யார் குடியைக் கெடுத்தான்? இந்த நினைப்பு வந்ததற்காக அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வெட்கம் போன பிறகும் நினைப்பு போகவில்லை.

4

(இங்கே கதையை நிறுத்தி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமிர்தவல்லி எனக்குத் தலைவலியாக இருக்கிறாள். அவள் ரொம்ப நல்லவளாக இருக்கிறாள். அவளைக் கொஞ்சம் கெட்டவளாக்கினால் அஞ்சம்மாளின் வயிற்றெரிச்சலுக்கு ஒரு நியாயம் கிடைக்கும், எனக்கும் வேலை சுலபம். முயன்று பார்த்தேன். "அமிர்தவல்லி உதட்டைச் சுழித்துக்கொண்டு—" அடித்துவிட்டேன். "எங்க வூட்டுக்காரரு உடம்பு வைரம் பாஞ்ச உடம்புக்கா, என்று அமிர்தவல்லி பெருமையாக—" அதையும் அடித்துவிட்டேன். அவள் அப்படிப் பேச மாட்டேன் என்கிறாள். பிளாஸ்கில் காப்பி வாங்கிவந்து முதல் டம்ளரை அக்காவுக்குத்தான் ஊற்றுகிறாள். கெட்டவள்மேல் பொறாமைப்படுவது எளிது, அதற்குக் கோபம் என்று வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம். நல்லவள்மேல் வருவதற்கு அந்த ஒரு பெயர்தான்.)

5

அப்போது ஆடி மாதம். வீராம்பட்டினத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள். பாவாடை வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. படைத்த கூழை வீட்டுத் தலைவன் வாயில் வைத்த பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். எத்தனை பசியாக இருந்தாலும் சரி. ஒரு வருஷம் பாவாடை கடலில் மாட்டிக்கொண்டு சாயங்காலம் கரையேறியபோது, அதுவரை வீடே பட்டினியாகக் காத்துக்கிடந்தது.

இந்த வருஷம் நாத்தனார் செல்வாம்பாள் கூழ் காய்ச்சிப் படைத்துவிட்டு, தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள்.

"அண்ணி, அங்க ஒருத்தரும் வாயில வெக்கல. புள்ளைங்க காத்துக்கினு கெடக்குதுங்க. அண்ணன் வாயில ஒரு துளி வெச்சிட்டேன்னு சொன்னாத்தான் அதுங்க குடிக்கும்."

"சிஸ்டரு வேணாம்னு சொல்லிக்கீது செல்வா."

"சிஸ்டருக்கு இன்னா தெரியும் நம்ம ஆத்தாள பத்தி? கூழு, அண்ணி. அதுவா கெடுதல் பண்ணிடும்?"

பாவாடை தூக்குச் சட்டியையே பார்த்தார். மூக்கில் டியூப் ஆட, குழறிய நாக்கோடு, "அஞ்சு, குடு" என்றார்.

அப்போதும் அஞ்சம்மாள் கொடுத்திருக்க மாட்டாள். அவள் முட்டாள் இல்லை. ஆனால் அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கட்டிலில் கிருஷ்ணசாமி, வாய் நிறைய இட்லியை வைத்துக்கொண்டு சொன்னார்:

"இன்னா அமிர்தா, சட்னில உப்பே இல்ல."

உப்பு இல்லையாம்! என் புருஷன் எச்சிலை விழுங்கவே திணறுகிறான், இவருக்கு உப்பு குறைகிறதாம்! அஞ்சம்மாளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது. திரைச்சீலையை இழுத்துவிட்டாள். ஸ்பூனை எடுத்தாள். ஒரு ஸ்பூன். பாவாடை விழுங்கினார். இருமவில்லை. இன்னொரு ஸ்பூன். இருமவே இல்லை.

"பாத்தியா செல்வா! ஒண்ணும் ஆவல!"

திரைக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்றுதான் உரக்கச் சொன்னாள். செல்வாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போன் பண்ணப் போனாள்.

(இருமாமல் போனதுதான் மோசம். சிலருக்குத் தொண்டை மரத்துப்போய், உள்ளே தப்பாக இறங்குவதே தெரியாது. இருமல் ஒரு காவல்காரன். அன்றைக்கு அவன் எழுந்திருக்கவில்லை. இது டாக்டர் எனக்குச் சொன்னது. அஞ்சம்மாளுக்கு அப்போது இதைச் சொல்ல அங்கே யாரும் இல்லை. நான் இருந்தேன், ஆனால் நான் எழுதிக்கொண்டிருந்தேன்.)

சிஸ்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. அஞ்சம்மாள் தூக்குச் சட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். திரை விலகியது. வந்தது அமிர்தவல்லி. பாவாடையின் வாயோரத்தில் ஒட்டியிருந்த கூழை அவள் பார்த்தாள். தன் முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள். அன்புசெல்வி வந்தபோது பாவாடையின் வாய் சுத்தமாக இருந்தது.

6

மறுநாள் பாவாடைக்குக் காய்ச்சல் அடித்தது. மூச்சு இரைத்தது. நெஞ்சுப் படம் எடுத்தார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள், ட்ரிப்ஸில் கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள்.

"நிமோனியா. நெஞ்சுல கிருமி தொத்திக்கிச்சி. இது எறங்குற வரைக்கும் பயிற்சி எதுவும் செய்ய முடியாது" என்றார் டாக்டர் ஹரிகிருஷ்ணன்.

தோள் வரை எழும்பிய கை படுக்கையோடு கிடந்தது. ஊசி கொண்டுவந்து கொடுத்ததைக் காய்ச்சல் எடுத்துக்கொண்டு போனது. பாவாடை கண்ணைத் திறப்பதே அரிதாயிற்று. பக்கத்தில் கிருஷ்ணசாமி கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்புறம் எதையும் பிடிக்கவில்லை.

அஞ்சம்மாளால் தாங்க முடியவில்லை. வராந்தாவில் டாக்டரை மறித்தாள்.

"சார், நான் கூழு குடுத்தேன் சார். ரெண்டு ஸ்பூன். அதனாலதானா?"

டாக்டர் நின்றார். திட்டுவார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அதனாலயும் இருக்கலாம்மா. அது இல்லாமயும் வந்திருக்கலாம். பக்கவாதம் வந்தா உடம்போட எதிர்ப்புச் சக்தியே கொறஞ்சிடும். தொண்ட சரியில்லாதவங்களுக்கு அவங்க எச்சிலே உள்ள எறங்கும். எல்லாம் ஒழுங்கா செஞ்சவங்களுக்கும் வருது. இதுன்னு என்னால சொல்ல முடியாது. இனிமே குடுக்காதீங்க."

கூழ்தான் என்றால் மாரில் அடித்துக்கொண்டு அழலாம். கூழ் இல்லை என்றால் நிமிர்ந்து உட்காரலாம். இரண்டுக்கும் வழியில்லாமல் அவள் மருந்துப் பையை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினாள். எதிரே டீக்கடையில் அமிர்தவல்லி துணி மூட்டையோடு நின்றாள். சாலையின் இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வேனை நோக்கிக் கிருஷ்ணசாமி தானாக நடந்து போய்க்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவர்கள் பேசியது உங்களுக்குத் தெரியும்.

7

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அஞ்சம்மாள் விடவில்லை. கருவடிக்குப்பத்தில் என் வீட்டு மேசைக்கு எதிரே வந்து, மருந்துப் பையை என் தாள்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நீதானே எழுதற? காய்ச்சல தூக்கி அந்தக் கட்டில்ல போடு."

போட்டுப் பார்த்தேன். கிருஷ்ணசாமிக்குச் சிறுநீர்க் குழாய் வழியாகக் கிருமி ஏறியது. அதுவும் நடக்கிறதுதான். அவருக்குக் குளிர் நடுக்கம், அவர் கை விழுந்தது. பாவாடை கூழ் குடித்தார், ஒன்றும் ஆகவில்லை, எழுந்து நடந்தார். அஞ்சம்மாள் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. கொஞ்சமும் கூச்சமில்லாமல், "இது நல்லாக்கீது" என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அவரு வாயத் தொடச்சாளே, அவ அங்க தனியா உக்காந்துக்கினு இருக்கா. அவ புருஷன் வாய நான் தொடைக்கணுமே. நான் தொடைப்பேனா?"

"தெரியலையே" என்றேன்.

"எனக்குந் தெரியல. வேணாம், அழிச்சிடு."

அழித்தேன். இன்னொன்று எழுதினேன். அதில் தூக்குச் சட்டியே வரவில்லை. அவள் ஒரு சொட்டும் கொடுக்கவில்லை. காய்ச்சல் தானாகவே வந்தது, எச்சிலிலிருந்து. உன் மேல் தப்பே இல்லை என்று நீட்டினேன். அவள் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"காய்ச்சல் வந்தது வந்ததுதானே? அப்ப அவரு வாயத் தொறந்து கேட்டதக்கூட நான் குடுக்கலன்னு ஆவுது. இதுக்கு அதுவே தேவலாம்."

(அருள்முருகனாக இருந்தால் இந்த இடத்தில் அழகாக ஒரு கடல் அலையை வைத்து முடித்திருப்பான்.)

8

அருள்முருகன் எழுதிவிட்டான். நான் மென்றுகொண்டிருக்கும்போதே ஒரு பத்திரிகையில் அவன் கதை வந்துவிட்டது. அதே டீக்கடை, அதே இரண்டு பெண்கள். அவன் கதையில் காய்ச்சல் விட்டு, மீனவர் எழுந்து, பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு கடற்கரையில் நடக்கிறார். சூரியன் எழும்புகிறது, வேறென்ன. நான்கு பேர் எனக்குப் போன் போட்டு, படித்தாயா, படித்தாயா என்றார்கள். படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, பாவி.

அன்றைக்கு அஞ்சம்மாள் வந்தபோது உட்காரவில்லை.

"அந்தத் தம்பி எழுதுன கதையில அவரு நடக்குறாராமே?"

"ஆமாம்."

"அதுல அவளும் அஞ்சம்மாதானா?"

"வேறு பேர் வைத்திருக்கிறான். ஆனால் நீதான்."

அவள் முகம் சுண்டிப்போனது. அமிர்தவல்லியைப் பார்த்தபோதுகூட அவள் முகம் அப்படிப் போகவில்லை.

"அவ என்னவிட இன்னா ஒசத்தி? அதே ஊசி. அதே புருஷன். அதே நான். அவளுக்கு மட்டும் இன்னா? அமிர்தாவாவது வேற பொம்பள. இவ நான்தானே?" அவள் மேசையைத் தட்டினாள். "நீ ஏன்டி எனக்கு அமைஞ்ச? அந்தத் தம்பி கையில நான் மாட்டியிருக்கக் கூடாதா?"

எனக்கும் வயிறு எரிந்தது. இந்த முறை அது அவனுடைய நடைக்காகவோ, அந்த நான்கு பேருக்காகவோ எரியவில்லை. என் அஞ்சம்மாளுக்கு நான் கொடுக்க முடியாததை அவன் ஒரே பக்கத்தில் கொடுத்துவிட்டான் என்று எரிந்தது.

9

அதனால் இப்படிச் செய்கிறேன்.

பாவாடைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. மருந்து வேலை செய்தது, இதுவரை நானே பொறுப்பேற்கிறேன். ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். உடம்பு பாதியாகிவிட்டது, இடது கை இன்னும் படுக்கையில்தான். இனி விழுங்க முடிந்தால் டியூபை எடுப்பார்கள், சாப்பாடு உள்ளே போகும், தெம்பு வரும், பயிற்சி மறுபடி தொடங்கும். முடியாவிட்டால் டியூபோடு இன்னும் கிடக்க வேண்டும், இன்னொரு காய்ச்சல் எந்தப் பக்கமிருந்தும் வரலாம். பக்கத்துக் கட்டிலில் புதிதாக யாரோ. அமிர்தவல்லி சேதராப்பட்டிலிருந்து போன் பண்ணியிருக்கிறாள். அஞ்சம்மாள் எடுத்து, போனை அணைக்காமல் கட்டில்மேல் வைத்திருக்கிறாள். அந்தப் பக்கத்தில் அவளும் மூச்சுவிடாமல் காத்திருக்கிறாள்.

அன்புசெல்வி சிஸ்டர் டம்ளரோடும் ஸ்பூனோடும் வந்துவிட்டாள். பாவாடையை நிமிர்த்தி உட்கார வைத்தாயிற்று. கன்னம் ஒட்டிய வாயைத் திறந்திருக்கிறார். ஸ்பூனில் தண்ணீர், அதே அளவு. அஞ்சம்மாள் அந்த ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நான் கொடுக்க மாட்டேன். விழுங்கினார் என்று எழுதினால் அருள்முருகனைப் பார்த்து எழுதினேன் என்பார்கள். இருமினார் என்று எழுதினால் அவனைப் பார்த்த பொறாமையில் எழுதினேன் என்பார்கள். இரண்டும் உண்மையாகவே இருக்கும்.

ஸ்பூனை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். மெதுவாக. அவர் தலை சற்று முன்னால் குனிந்திருக்கட்டும், அவசரப்படாதீர்கள். கொடுத்த பிறகு "ஆ சொல்லுங்க" என்று கேளுங்கள். அந்த ஆ எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும், அஞ்சம்மாளுக்கும் தெரிந்துவிடும்.

எனக்குத் தெரியாது. உங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. சரி, கொடுங்கள்.